ஐந்து டொலரும் இருபது பேரும்: சமூக ஏணியில் ஏறுவோரின் திரைப்படத்தைச் சமூகவியல் கோட்பாடுகளால் ஆராய்வதற்கான முழுமையான வழிகாட்டி

வறுமையிலிருந்து மேலெழும் ஒருவரின் கதையைச் சொல்லும் திரைப்படமொன்றைத் தெரிவுசெய்து, அதைச் சமூகவியல் கோட்பாடுகளின் துணையோடு ஆராயுமாறு கேட்கும் ஒப்படைகளோடு, வெள்ளவத்தையில் நான் நடத்தும் சிறிய வகுப்புக்கு ஆண்டுதோறும் சில மாணவர்கள் வருகிறார்கள். அவர்கள் கொண்டுவரும் முதல் வரைவுகள் பெரும்பாலும் ஒரே சாயலில் இருக்கும். சமூகவியல் கோட்பாட்டாளர்களான மேர்ட்டனுக்கு ஒரு பந்தி, போர்தியுவுக்கு ஒரு பந்தி, மார்க்ஸுக்கு ஒரு பந்தி என்று எழுதி, ஒவ்வொரு பந்தியின் கடைசியிலும் "இதனை இப்படத்திலும் காணலாம்" என்று முடித்திருப்பார்கள். படத்தின் பெயரை அழித்துவிட்டு வேறொரு படத்தின் பெயரை அங்கே எழுதினாலும் அந்தப் பந்திகளில் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியிராது. நான் மாணவனாக இருந்தபோது எழுதிய முதல் ஒப்படையும் இப்படித்தான் இருந்தது. அதன் ஓரத்தில் விரிவுரையாளர் பென்சிலால் "படம் எங்கே?" என்று இரண்டே சொற்கள் எழுதியிருந்தார். அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் முறையைத்தான் கீழே படிப்படியாக விளக்குகிறேன்.

விளக்கத்துக்கு ஒரு படம் வேண்டும். பலரும் பார்த்திருக்கக்கூடிய, 2006 ஆம் ஆண்டு வெளிவந்த "த பர்ஸ்யூட் ஒஃப் ஹப்பினஸ்" என்ற ஆங்கிலப் படத்தை எடுத்துக்கொள்கிறேன். கேப்ரியேல் முச்சினோ இயக்க, வில் ஸ்மித் நடித்த இப்படம், கிறிஸ் கார்ட்னர் என்பவரின் உண்மை வாழ்க்கையைத் தழுவியது. 1981 ஆம் ஆண்டின் சான் பிரான்சிஸ்கோவில், எலும்பின் அடர்த்தியை அளக்கும் கருவிகளில் சேமிப்பை எல்லாம் போட்டுவிட்டு, அவற்றை விற்க முடியாமல் தவிக்கும் கறுப்பினத் தந்தை ஒருவர், பங்குத் தரகு நிறுவனமொன்றில் ஆறு மாதச் சம்பளமில்லாப் பயிற்சியில் சேருகிறார். மனைவி பிரிந்து போகிறார், வீடு கைவிட்டுப் போகிறது, மகனோடு ரயில் நிலையக் கழிப்பறையிலும் தேவாலயம் நடத்தும் தங்குமிடத்திலும் இரவுகளைக் கழிக்கிறார். பயிற்சியாளர் இருபது பேரில் இறுதியில் வேலை கிடைப்பது ஒருவருக்கு. அந்த ஒருவர் அவர்தான்.

முதற்படி: கோட்பாட்டை மூடிவைத்துவிட்டுப் படத்தைப் பார்த்தல்

முதல் தடவை குறிப்பெடுக்காமல் பாருங்கள். படம் உங்களை எங்கே அழ வைக்கிறது, எங்கே கைதட்ட வைக்கிறது என்பதை அறிந்திருப்பது பின்னர் பயன்படும். ஏனெனில் படம் தன் சமூகக் கருத்தைப் பார்வையாளரின் மனத்தில் பதிப்பது அந்த இடங்களில்தான். இரண்டாம் தடவை பார்க்கும்போது ஒரு கொப்பியில் நான்கு நிரல்கள் போட்டு, பணம், நேரம், உடை, பேச்சு என்று தலைப்பிட்டு, அவை வரும் இடங்களை நிமிடக் கணக்கோடு எழுதுங்கள்.

இந்தப் படத்தில் நேர நிரல் வியக்கத்தக்க அளவுக்கு நிரம்பும். மற்றப் பயிற்சியாளர்கள் மாலை ஏழு மணிவரை இருக்கிறார்கள். கார்ட்னரோ மகனை அழைத்துச் செல்லவும், தங்குமிடத்து வரிசையில் இடம் பிடிக்கவும் முன்னதாகவே புறப்பட வேண்டியவர். ஆகவே ஒரு அழைப்பு முடிந்ததும் தொலைபேசியின் கைபிடியைக் கீழே வைக்காமலே அடுத்த இலக்கத்தை அழுத்துகிறார், அதனால் நாளொன்றுக்கு எட்டு நிமிடங்கள் மிச்சமாவதாகக் கணக்கிடுகிறார். கழிப்பறைக்குப் போகும் நேரத்தையும் மிச்சப்படுத்தத் தண்ணீர் குடிப்பதைத் தவிர்க்கிறார். பண நிரலில், வரிப் பாக்கிக்காக வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டு 21 டொலரும் 33 சதமும் மட்டும் எஞ்சும் காட்சி வரும். இரத்தம் விற்ற பணத்தில் கருவியைத் திருத்தும் காட்சியும் வரும். இவை எல்லாம் உங்கள் தரவுகள். தரவு கையில் இருந்தால்தான் கோட்பாட்டுக்கு வேலை இருக்கும்.

இரண்டாம் படி: எவ்வகை அசைவியக்கம் என்று தீர்மானித்தல்

"முன்னேற்றம்" என்ற பொதுச்சொல்லை இங்கேயே விட்டுவிடுங்கள். சமூக அசைவியக்கம், அதாவது சமூக அடுக்குகளில் ஒருவர் இடம் மாறுதல், பற்றி 1927 இல் நூல் எழுதிய பித்திரிம் சொரோக்கின், ஒரே மட்டத்தில் நிகழும் கிடை அசைவையும் மட்டம் மாறும் நிலைக்குத்து அசைவையும் வேறுபடுத்தினார். இதனோடு இன்னொரு வேறுபாட்டையும் சேர்க்க வேண்டும்: ஒருவர் தன் வாழ்நாளுக்குள்ளேயே ஏறுகிறாரா, அல்லது பெற்றோரின் நிலையிலிருந்து பிள்ளை ஏறுகிறதா? கார்ட்னரின் கதை முதலாவது வகை. ஆனால் படம் முழுவதும் மகனின் கை அவர் கையில் இருப்பதால், பார்வையாளர் அதைத் தலைமுறை அசைவாகவே உணர்கிறார். இந்த இடைவெளியைக் கவனித்து எழுதினாலே உங்கள் ஒப்படை மற்றவர்களுடையதிலிருந்து விலகி நிற்கும்.

ரால்ஃப் டேர்னர் 1960 இல் முன்வைத்த பாகுபாடும் இங்கே பயன்படும். போட்டி அசைவியக்கத்தில் எல்லோரும் ஒரே ஓட்டப் பந்தயத்தில் கடைசிவரை ஓடுகிறார்கள். ஆதரவு அசைவியக்கத்தில் மேல்நிலையில் இருப்போர் தமக்கு ஏற்றவர்களை முன்கூட்டியே பொறுக்கி எடுத்து வளர்க்கிறார்கள். முதலாவதற்கு அமெரிக்காவையும் இரண்டாவதற்கு இங்கிலாந்தையும் அவர் எடுத்துக்காட்டினார். படம் தன்னைப் போட்டியின் கதையாக அறிவித்துக்கொள்கிறது. அப்படியாயின் கார்ட்னருக்கு நேர்முகத் தேர்வுவரை கதவைத் திறந்துவிட்டவர் யார் என்ற கேள்வியைக் கொப்பியில் குறித்து வையுங்கள். நான்காம் படியில் அது தேவைப்படும்.

மூன்றாம் படி: ஒரு சிறு காட்சியைப் பிடித்து அதிலேயே தங்குதல்

இதுவே வழிகாட்டியின் நடுப்பகுதி. அவசரப்படாமல் செய்ய வேண்டியது. பெரிய காட்சிகளை, குறிப்பாகக் கழிப்பறையில் கார்ட்னர் அழும் காட்சியை, எல்லோரும் எடுப்பார்கள். நீங்கள் சிறியதொன்றை எடுங்கள்.

சென்ற ஆண்டு வகுப்பில் மடிகணினியில் இப்படத்தைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஹற்றன் பக்கத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் மாணவி ஒருவர், நிறுவனத்தின் பெரிய அதிகாரிகளில் ஒருவர் டாக்சிக் கூலிக்காகக் கார்ட்னரிடம் ஐந்து டொலர் கேட்கும் இடத்தில் நிறுத்தச் சொன்னார். அதிகாரி கூட்டத்துக்குப் பிந்திவிட்டார், பணப்பை மேலே அறையில் இருக்கிறது, ஆகவே எதிரே நின்ற பயிற்சியாளரிடம் கேட்கிறார். கார்ட்னர் கொடுக்கிறார். மாணவி திரையைப் பார்த்தபடியே சொன்னார்: "சேர், அவரிடம் காசு இருக்கிறதோ இல்லையோ, இல்லை என்று சொல்ல அவரால் ஏலாது." அன்றைய வகுப்பு முழுவதும் அந்த ஐந்து டொலரிலேயே கழிந்தது.

முதலில் இந்தக் காட்சியை எர்விங் கொஃப்மனின் கண்ணால் பார்ப்போம். அன்றாடச் சந்திப்புகளை நாடக மேடையாக வைத்து விளக்கிய அவர், பிறர் பார்க்க நாம் நடிக்கும் முன்மேடையையும், நடிப்பைக் கழற்றி வைக்கும் பின்மேடையையும் பிரித்தார். அதிகாரியின் முன் கார்ட்னர் நடிக்கும் பாத்திரம் "ஐந்து டொலர் ஒரு பொருட்டில்லாத மனிதன்" என்பதாகும். "என்னிடம் இல்லை" என்ற ஒரு வாக்கியம் அந்த உடை, அந்தச் சிரிப்பு, அந்தக் கைகுலுக்கல் எல்லாவற்றையும் ஒரே கணத்தில் கலைத்துவிடும். இங்கே நிறுத்திவிடாதீர்கள், இன்னும் ஓரடி போங்கள். கொஃப்மன் விவரிக்கும் பின்மேடை, பொதுவாக மனிதர் இளைப்பாறும் இடம். கார்ட்னரின் பின்மேடையோ பிறர் வந்து கதவைத் தட்டும் பொதுக் கழிப்பறை. தங்குமிடத்தின் பொது மண்டபம். பூட்டிக்கொள்ள ஒரு கதவு இல்லாதவருக்குப் பின்மேடையே இல்லை. வறுமை இங்கே பணக்குறைவாக மட்டுமன்றி, நடிப்பை இறக்கிவைக்க இடமின்மையாகவும் வெளிப்படுகிறது. கோட்பாட்டைப் படத்தில் தேடுவதைத் தாண்டி, படத்தைக் கொண்டு கோட்பாட்டைச் சற்று நீட்டிப் பார்ப்பது என்று நான் சொல்வது இதைத்தான்.

அடுத்து பியர் போர்தியு. அவருடைய மூலதன வகைகளை, அதாவது பொருளாதார (பணம்), பண்பாட்டு (கல்வி, பேச்சு, ரசனை), சமூக (தொடர்புகள்), குறியீட்டு (மதிப்பு) மூலதனங்களை, பட்டியலாக ஒப்புவிப்பதில் பயனில்லை. ஒன்று மற்றொன்றாக எங்கே மாறுகிறது என்பதையே கேளுங்கள். கார்ட்னர் கையிலிருந்த ஐந்து டொலரை, அதிகாரியின் நல்லெண்ணமாகிய குறியீட்டு மூலதனமாக மாற்ற முயல்கிறார். அந்த மாற்றத்தின் விலை இருவருக்கும் சமமாக இல்லை. அதிகாரிக்கு அது மறந்துபோகக்கூடிய சில்லறை, கார்ட்னருக்கு அது தானும் மகனும் உண்ணும் இராச் சாப்பாடு. சமமற்ற இந்த விலையைக் கேட்பவர் அறியாமலே இருப்பதும், கொடுப்பவர் அதை முறையானதென ஏற்று நடப்பதும் சேர்ந்ததைத்தான் போர்தியு குறியீட்டு வன்முறை என்ற கருத்தால் விளக்க முற்பட்டார். அந்த அதிகாரி கெட்டவர் என்று படம் சொல்லவில்லை. கடைசியில் வேலை கிடைத்த நாளில் ஐந்து டொலரைத் திருப்பியும் தருகிறார். அவர் நல்லவராக இருப்பதால்தான் காட்சி சமூகவியலுக்கு இவ்வளவு பயனுள்ளதாக இருக்கிறது: தனிமனிதக் குணத்தின் மேல் பழி போட வழியில்லாமல், உறவின் அமைப்பையே பார்க்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவதாக மார்க்ஸ். அவரிடம் செல்லும்போது ஐந்து டொலரை விட்டுவிட்டு ஒரு பெருக்கலைச் செய்யுங்கள். இருபது பேர், ஆறு மாதம்: 120 மாத உழைப்பு. இதற்குச் சம்பளம் இல்லை. தேர்வாகாதவர் அந்தப் பயிற்சியை வேறு தரகு நிறுவனத்தில் காட்டி வேலை கேட்கவும் முடியாது என்று படமே சொல்கிறது. வேலை கிடைக்காத பத்தொன்பது பேர் பேசிய தொலைபேசி அழைப்புகளால் வந்த பயன் யாருக்குப் போகிறது? இந்தக் கேள்வியிலிருந்து உபரி உழைப்பு (கூலி கொடுக்கப்படாமல் முதலாளிக்குப் போகும் உழைப்பு), உழைப்பாளர் சேமப் படை (வேலைக்காகக் காத்து நிற்கும் மிகையான உழைப்பாளர் கூட்டம்) ஆகிய கருத்துகளுக்குப் போனால், அவை வெறும் கலைச்சொற்களாக நிற்காமல் கணக்கோடு நிற்கும்.

நான்காம் படி: கோட்பாடுகளை ஒன்றோடொன்று மோதவிடுதல்

ஒரே முடிவைச் சொல்லும் மூன்று கோட்பாடுகளைவிட, முரண்படும் இரண்டு கோட்பாடுகள் மேல். இப்படத்துக்கு மிகப் பொருத்தமான மோதல், சமூகத்தின் ஒவ்வோர் அமைப்பும் ஒரு பயனுக்காகவே இருக்கிறது என்னும் தொழிற்பாட்டுவாதத்துக்கும் அதன் விமர்சகர்களுக்கும் இடையிலானது. கிங்ஸ்லி டேவிஸும் வில்பர்ட் மூரும் 1945 இல் எழுதிய கட்டுரை, முக்கியமான பதவிகளுக்குத் திறமையானோரை ஈர்க்கவே சமூகம் ஏற்றத்தாழ்வான வெகுமதிகளை வைத்திருக்கிறது என்று வாதிட்டது. இதற்கு 1953 இல் மெல்வின் டியூமின் எழுதிய மறுப்பு, அடுக்கமைவே கீழிருப்போரின் திறமை வெளிப்படாமல் தடுத்துவிடுகிறது என்றது.

படத்தின் கதை முதற்பார்வையில் டேவிஸ், மூர் பக்கம் நிற்கிறது: திறமையானவர் தெரிவாகிறார். ஆனால் கொப்பியின் நேர நிரலைப் புரட்டுங்கள். எட்டு நிமிடத்தை மிச்சம்பிடிக்க வேண்டிய நிலை மற்றவர்களுக்கு இல்லை என்றால், அந்தப் பரீட்சை அளந்தது எதை? கார்ட்னரைப் போலவே திறமை இருந்தும், ஒரு இரவு தங்குமிடத்து வரிசையில் இடம் கிடைக்காததால் மறுநாள் வராமல் போன ஒருவரைப் படம் காட்டவில்லை. அந்த ஒருவர் டியூமினின் சாட்சி. "மெரிட்டோகிரசி" என்று சொல்லப்படும் தகுதியாட்சி என்ற சொல்லை 1958 இல் தன் நூலால் பரப்பிய மைக்கல் யங், அதை ஓர் எச்சரிக்கையாகவே எழுதினார் என்பதையும் இங்கே சேர்க்கலாம். வென்றவர் தன் வெற்றிக்குத் தானே முழுக் காரணம் என்று நம்பத் தொடங்கினால், தோற்றவர் தன் தோல்வியையும் தன் குற்றமாகவே ஏற்கும் நிலை வரும் என்பது அவர் அச்சம்.

இப்போது கதவைத் திறந்தவரிடம் வருவோம். நிறுவனத்தின் அதிகாரி ஒருவரோடு டாக்சியில் போகும்போது, அவர் கையிலிருந்த ரூபிக் கனசதுரத்தைக் கார்ட்னர் தீர்த்துக் காட்டுகிறார். நேர்முகத் தேர்வுக்கான வழி அங்கேதான் திறக்கிறது. மார்க் கிரனோவெட்டர் 1973 இல் வெளியிட்ட கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றோரிடம் அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் 16.7 வீதம், இடையிடையே என்றவர்கள் 55.6 வீதம், அரிதாக என்றவர்கள் 27.8 வீதம். நெருங்கிய உறவினர் நமக்குத் தெரிந்ததையே அறிந்திருப்பர். புதிய செய்தி தூரத்துப் பழக்கத்தின் வழியே வரும். டாக்சிப் பயணம் இத்தகைய பலவீனப் பிணைப்பு ஒன்று பிறக்கும் காட்சி. ஆனால் அந்த டாக்சியில் ஏறும் வாய்ப்பு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை என்பதால், போட்டி என்று சொல்லப்பட்ட பந்தயத்துக்குள் டேர்னரின் ஆதரவு அசைவியக்கம் நுழைந்துவிட்டது. இந்த முரணை வெளிக்கொண்டு வந்தால் உங்கள் கட்டுரைக்கு முதுகெலும்பு கிடைத்துவிடும்.

சமூகம் வைக்கும் இலக்குக்கும் அதை அடையக் கிடைக்கும் வழிக்கும் இடையிலான இழுபறியைப் பேசும், ரொபர்ட் மேர்ட்டன் 1938 இல் முன்வைத்த இறுக்கக் கோட்பாட்டைப் பற்றிச் சுருக்கமாக ஓர் எச்சரிக்கை. இலக்கை ஏற்று வழியையும் ஏற்பவர் இணங்குபவர் என்றும், இலக்கை ஏற்று முறையற்ற வழியில் செல்பவர் புதுமை காண்பவர் என்றும் அவர் வகுத்தார். கார்ட்னரை இணங்குபவர் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அவர் டாக்சிக் கூலி கொடுக்காமல் ஓடுகிறார், வாகனத் தண்டப் பணம் கட்டாமல் ஓர் இரவு காவலில் இருக்கிறார். ஒரே மனிதர் ஒரே வாரத்தில் மேர்ட்டனின் இரண்டு கட்டங்களுக்குள் நிற்கிறார் என்பதையே எழுத வேண்டும்.

ஐந்தாம் படி: திரைக்கு வெளியே நிற்பவர்களை அழைத்துவருதல்

மனைவி லிண்டா ஹோட்டல் சலவைப் பகுதியில் இரட்டை முறை வேலை செய்கிறார். குடும்பத்தைப் பல மாதங்கள் தாங்கியது அவருடைய கூலி. ஆனால் படம் அவரை நம்பிக்கை இழந்தவராகக் காட்டி நியூயோர்க்குக்கு அனுப்பிவிடுகிறது. ஆண் ஏறுவதற்குப் பெண்ணின் உழைப்பு படிக்கட்டாக இருந்து, பின் கதையிலிருந்து அகற்றப்படும் இந்த அமைப்பைப் பெண்ணிய நோக்கில் ஆராய ஒரு முழுப் பந்தி ஒதுக்குங்கள். என் பார்வையில் இப்படத்தின் மிகப் பெரிய குறை இதுவே.

இனமும் அவ்வாறே. கறுப்பினத்தவர் ஒருவர், பெரும்பாலும் வெள்ளையினத்தவர் நிறைந்த அலுவலகத்தில் கோப்பி வாங்கிவரவும் கார் நகர்த்தவும் ஏவப்படுகிறார், ஆனால் படம் இனத்தைப் பற்றி வாய் திறப்பது அரிது. அமெரிக்கக் கறுப்பினத்தவரின் வாழ்க்கை வாய்ப்புகளில் இனத்தைவிட வர்க்கம் முதன்மை பெற்றுவருவதாக 1978 இல் வாதிட்ட வில்லியம் ஜூலியஸ் வில்சனையும், தன்னைத் தன் கண்ணாலும் வெள்ளையினச் சமூகத்தின் கண்ணாலும் ஒருங்கே பார்க்க நேரும் இரட்டை உணர்வு பற்றி 1903 இல் எழுதிய டு பொய்ஸையும் எதிரெதிரே வைத்து இந்த மௌனத்தை விளக்கலாம்.

சி. ரைட் மில்ஸ் 1959 இல் தனிப்பட்ட தொல்லைகளையும் பொதுப் பிரச்சினைகளையும் பிரித்துக் காட்டியது நினைவில் இருக்கட்டும். கதை நிகழும் 1981 இன் நடுப்பகுதியில் அமெரிக்கா பொருளாதாரப் பின்னடைவுக்குள் நுழைந்தது. 1982 இன் இறுதியில் வேலையின்மை 10.8 வீதத்தைத் தொட்டது. அந்த எண்ணைப் பக்கத்தில் வைத்தால், தங்குமிடத்து வரிசை ஒருவரின் துரதிர்ஷ்டமாகத் தோன்றாது.

படமாக்கியவர்கள் உண்மையிலிருந்து விலகிய இடங்களும் தரவுகளே. உண்மையான கார்ட்னருக்குப் பயிற்சிக் காலத்தில் சிறிய மாதாந்தக் கொடுப்பனவு கிடைத்தது, மகனும் படத்தில் வருபவரைவிட மிகச் சிறிய குழந்தை. கொடுப்பனவை நீக்கி மகனின் வயதைக் கூட்டியதால் எந்த நம்பிக்கை வலுப்பெறுகிறது என்று கேளுங்கள்.

ஆறாம் படி: கொழும்பிலிருந்து திரும்பிப் பார்த்தல்

ஒப்பீட்டைக் கட்டுரையின் வாலாக ஒட்டாமல், கோட்பாட்டைச் சோதிக்கும் இடமாகப் பயன்படுத்துங்கள். 1945 இல் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்த இலங்கையில், ஏணி பெரும்பாலும் பரீட்சை வழியே செல்கிறது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை பத்து வயதுப் பிள்ளைகளைப் பிரபல பாடசாலைகளுக்குப் பிரித்தெடுக்கிறது. டேர்னரின் ஆதரவு வகைக்கு இது நெருக்கமானதா, போட்டி வகைக்கா? பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதத்தைத் திறமை அடிப்படையிலும் 55 வீதத்தை மாவட்ட அடிப்படையிலும் 5 வீதத்தைப் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கும் முறை, டேவிஸ், மூர் வாதத்தை ஏற்கிறதா, டியூமினின் மறுப்பை ஏற்கிறதா?

பண்பாட்டு மூலதனத்துக்கு இங்கே ஆங்கிலத்தைவிட நல்ல உதாரணம் இல்லை. சிங்களத்தில் ஆங்கிலத்தைக் "கடுவ", அதாவது வாள் என்று சொல்லும் வழக்கு உண்டு. கோட்டைப் பகுதி அலுவலகமொன்றின் நேர்முகத் தேர்வில், தமிழில் சிறப்பாகச் சித்தியடைந்த மலையகப் பட்டதாரி ஒருவர் முதல் ஆங்கிலக் கேள்விக்கு எடுக்கும் மூன்று வினாடி மௌனத்தை நினைத்துப் பாருங்கள். நாக்கிலும் தோளிலும் ஊறிப்போன, போர்தியு ஹபிற்றஸ் என்று அழைத்த பழக்கம் அந்த மூன்று வினாடியில் தெரிந்துவிடும். கார்ட்னரோ, சாயம் படிந்த உடையோடு நேர்முகத் தேர்வுக்கு வந்து, சட்டையில்லாமல் வந்தவனை வேலைக்கு எடுத்தால் என்ன சொல்வாய் என்ற கேள்விக்கு, அவன் போட்டிருந்த காற்சட்டை மிக நன்றாக இருந்திருக்க வேண்டும் என்று பதில் சொல்லிச் சிரிக்க வைக்கிறார். அந்தப் பகிடி அவர் தாய்மொழியில் சொல்லப்பட்டது. இந்த வேறுபாட்டை எழுதாமல் "விடாமுயற்சி வெல்லும்" என்று இரு நாடுகளையும் ஒரே கயிற்றில் கட்டுவது பிழை.

ஏழாம் படி: எழுதுதல்

கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள். ஹற்றன் மாணவி தன் பழைய தலைப்பை விட்டுவிட்டு, "இல்லை என்று சொல்ல முடியாதவர் பங்குபற்றும் போட்டியைப் போட்டி என்று அழைக்கலாமா?" என்று எழுதிக்கொண்டார். அத்தகைய கேள்விக்கு இரண்டு முதன்மைக் கோட்பாடுகளும் மூன்று காட்சிகளும் போதும். எஞ்சியவற்றை ஓரிரு வரிகளில் தொட்டுச் செல்லலாம். ஒவ்வொரு பந்தியையும் காட்சியிலிருந்து தொடங்கி, அதிலிருந்து கருத்துக்குப் போய், அந்தக் கருத்தால் விளங்காமல் எஞ்சும் ஒன்றைக் குறிப்பிட்டு முடியுங்கள். அந்த எச்சமே அடுத்த பந்தியின் வாசல்.

கலைச்சொற்களுக்கு விரிவுரையில் வழங்கும் தமிழ் வடிவத்தையே முழுவதும் பயன்படுத்துங்கள். ஓரிடத்தில் "அசைவியக்கம்", வேறோரிடத்தில் "நகர்வு" என்று மாற்றினால், இரண்டும் வெவ்வேறு கருத்துகள் என்று வாசிப்பவர் எண்ணிக்கொள்வார். கோட்பாட்டாளரின் பெயர் முதன்முறை வரும் இடத்தில் ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள், காட்சி வரும் இடத்தில் நிமிடக் கணக்கைப் போடுங்கள். எழுதி முடித்து ஒரு நாள் கழித்து, படத்தின் பெயரையும் பாத்திரங்களின் பெயர்களையும் பென்சிலால் மறைத்துவிட்டு வாசியுங்கள். எந்தப் பந்தி அப்போதும் குறையில்லாமல் நிற்கிறதோ, அந்தப் பந்தியைக் கொப்பியின் நான்கு நிரல்களோடு மறுபடியும் எழுத வேண்டும்.